பேரவை மேசையில் எங்களுக்கும் ஒரு கதிரை

பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவின் தலைவருக்கும் உறுப்பினர்களுக்கும், கொழும்பு, களனி, ஸ்ரீ ஜயவர்தனபுர, மொறட்டுவைப் பல்கலைக்கழகங்களினதும் நாவலை திறந்த பல்கலைக்கழகத்தினதும் பேரவைகளுக்கும் மூதவைகளுக்கும் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

நான் கொழும்பு வடக்கில் ஒரு தொடர்மாடியின் ஒன்பதாம் மாடியில் வசிக்கிறேன். பகலில் புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறேன். மாலையில் கீழ்த்தள மண்டபத்தில் எங்கள் பிள்ளைகளுக்குக் கணிதம் சொல்லிக் கொடுக்கிறேன். குடியிருப்பாளர் கூட்டத்தில் குறிப்பெழுதுவதும் நான்தான். இந்த மடலில் இருப்பவற்றை அந்தக் கூட்டத்தில் இரண்டு ஞாயிற்றுக்கிழமை இருந்து கதைத்தோம். எழுத்து என்னுடையது, பல்கலைக்கழகங்களை நிர்வகிக்கும் பேரவைகளில் எங்களுக்கும் இடம் வேண்டும் என்று கேட்பது நாங்கள் எல்லோரும்.

பல்கலைக்கழகத்தில் படிக்க எனக்கு வாய்க்கவில்லை. உயர்தரத்தில் மூன்று பாடமும் சித்தி, வெட்டுப்புள்ளி எட்டவில்லை. ஆனால் பல்கலைக்கழகம் எங்கள் வாசலுக்குப் பல தடவை வந்திருக்கிறது. தோட்டம் என்று நாங்கள் சொல்லும் நெருக்கமான நகரக் குடியிருப்பில் இருந்த வீடுகளை உடைத்து எங்களை இந்த மாடிக்குக் கொண்டுவந்த பிறகு வந்த ஆய்வுக் குழுக்களை என் கூட்டக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பத்துக்கும் மேல். நகரத் திட்டமிடல் என்று வந்தார்கள், சமூகவியல் என்று வந்தார்கள், பொதுச் சுகாதாரம், பொருளியல் என்றும் வந்தார்கள். கேட்டார்கள், எழுதினார்கள், படம் எடுத்தார்கள், நன்றி சொல்லிவிட்டுப் போனார்கள். கண்டறிந்ததை எங்களிடம் சொல்லத் திரும்பி வந்தது ஒரே ஒரு குழு. அதைப் பற்றிப் பிறகு சொல்கிறேன். முதலில், திரும்பி வராத ஒன்று.

ஒரு ஞாயிறு காலை. பக்கத்து வீட்டு அக்கா இடியப்பம் அவித்துக் கடைகளுக்குப் போடுகிறவர். விடிய மூன்று மணிக்கு அடுப்பு மூட்டினால் ஒன்பது மணிக்குத்தான் சற்று உட்காருவார். அப்படி உட்கார்ந்த நேரத்தில் ஒரு மாணவி வந்தாள். எந்தப் பல்கலைக்கழகம் என்று இங்கே சொல்லவில்லை, அது ஒரு இடத்துக்கு மட்டும் உரிய குறையும் இல்லை. நல்ல பிள்ளை. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு, பிளாஸ்டிக் கதிரையின் நுனியில் உட்கார்ந்து, வினாக்கொத்தை மடியில் வைத்துக்கொண்டு கேட்கத் தொடங்கினாள்.

“வீடு சொந்தமா, வாடகையா?”

அக்கா யோசித்தார். முன்பு இருந்த வீட்டைக் கொடுத்துவிட்டு வந்து, இந்த வீட்டுக்கு மாதாமாதம் தவணை கட்டுகிறோம். உறுதி இன்னும் கைக்கு வரவில்லை. அதை வாடகை என்றும் யாரும் சொல்வதில்லை. “நீங்கள் எதைப் போட்டாலும் பிழைதான் மகள்” என்றார். மாணவி கொஞ்சம் தயங்கி, ‘சொந்தம்’ என்ற கட்டத்தில் சரி போட்டாள்.

இப்படியே நான்கு பக்கம் போனது. முடிகிற நேரத்தில் அக்கா கேட்டார்: “லிஃப்ட் நிற்கிற நாளில் இடியப்பத் தட்டெல்லாம் தலையில் வைத்துக்கொண்டு ஒன்பது மாடி இறங்குகிறேன். தோட்டத்தில் இருந்தபோது வாசலில் வைத்தே பாதி விற்றுப் போகும். இங்கே வாசலால் யார் போகிறார்கள்? அதைக் கேட்க இதில் இடமில்லையா?”

மாணவி தாள்களைப் புரட்டிப் பார்த்தாள். “இல்லை அக்கா” என்றாள். பிறகு கடைசித் தாளைத் திருப்பிப் பிடித்து, ஓரத்தில் சின்ன எழுத்தில் அதை எழுதிக்கொண்டாள்.

ஓரத்தில் எழுதியது கணினிக்குள் போயிருக்காது, அங்கே அதற்குக் கட்டம் இல்லை. ஆனால் எங்களைப் போன்றவர்களின் இடமாற்றத்தைப் பற்றி ஒருவர் அறிய வேண்டிய விஷயமே அதுதான். நிலத்தோடு ஒட்டி நடந்த சம்பாத்தியம் மாடிக்கு ஏறியதும் என்ன ஆனது என்று யாரும் எங்களிடம் கேட்கவில்லை. கொழும்பில் இப்படி மாற்ற வேண்டியவர்கள் அறுபதாயிரத்துக்கும் மேற்பட்ட குடும்பங்கள் என்று அதிகாரிகளே கணக்குச் சொன்னார்கள். அத்தனை குடும்பங்களிலும் வாசலில் அப்பம் சுட்டு விற்றவர், முற்றத்தில் ஓட்டோ திருத்தியவர், பழைய இரும்பு சேர்த்தவர் என்று எத்தனையோ பேர் இருப்பார்கள்.

அந்த மாணவியில் குற்றம் இல்லை. அவளை அனுப்பிய விரிவுரையாளரும் நல்லது நினைத்தே அனுப்பியிருப்பார். எங்கள் மனக்குறை வேறு. எங்களைக் காணும் முன்பே கேள்விகள் முடிவாகிவிடுகின்றன. எதை ஆராய்வது, எதற்குக் காசு ஒதுக்குவது, எதைப் பாடமாக வைப்பது என்று தீர்மானிக்கிற எந்த அறையிலும் நாங்கள் இல்லை. உங்கள் மாணவர்கள் எங்கள் பாடசாலைகளுக்குக் கொப்பி கொண்டுவந்து தந்திருக்கிறார்கள், இரத்ததான முகாம் வைத்திருக்கிறார்கள், கடற்கரை துப்புரவு செய்திருக்கிறார்கள். எல்லாவற்றையும் நன்றியோடு நினைக்கிறோம். இப்போது நாங்கள் கேட்பது அந்த அறையில் ஓர் இடம்.

இது புதிதாக முளைத்த ஆசை இல்லை. 1906 இல் இலங்கைக்கு ஒரு பல்கலைக்கழகம் வேண்டும் என்று இலங்கைப் பல்கலைக்கழகச் சங்கம் தொடங்கியபோது அதன் முன்னணியில் நின்றவர் பொன்னம்பலம் அருணாசலம். அதே மனிதர்தான் 1915 இல் இலங்கைச் சமூக சேவைச் சங்கத்தையும், 1919 இல் தொழிலாளர் நலன்புரிச் சங்கத்தையும் தொடங்கி வைத்தார். பல்கலைக்கழகம் கேட்பதும் கூலி வேலை செய்கிறவனின் நிலைமையைக் கேட்பதும் அவருக்கு இரண்டு வேலையாகத் தெரியவில்லை. 1921 இல் கொழும்பில் பல்கலைக்கழகக் கல்லூரி வந்தது, 1942 இல் அதுவும் மருத்துவக் கல்லூரியும் சேர்ந்து இலங்கைப் பல்கலைக்கழகம் ஆனது. பேராதனையில் ஒரு மாணவர் விடுதிக்கு அருணாசலத்தின் பெயர் இருக்கிறது. அவர் சேர்த்துப் பிடித்திருந்த அந்த இரண்டு நூலும் எந்த இடத்தில் அறுந்தன என்று யோசித்துப் பார்க்கிறேன்.

1945 இல் அப்போதைய கல்வி அமைச்சர் கன்னங்கராவின் முயற்சியால் கல்வி இலவசமானது. பாலர் வகுப்பு முதல் பல்கலைக்கழகம் வரை. இலவசம் என்றால் யாரோ கட்டுகிறார்கள் என்றுதானே அர்த்தம். வருமானவரிக் கோப்பு வைத்திருப்பவர்கள் எங்கள் தொடர்மாடியில் இல்லை. ஆனால் சவர்க்காரம் வாங்கினால் வரி, கைப்பேசிக்குக் காசு போட்டால் வரி. 2024 ஜனவரியில் இருந்து பெறுமதி சேர் வரி 18 வீதம். நான் கடையில் கணக்கெழுதுகிறவள், எந்தக் காசு எங்கே போகிறது என்று பார்ப்பது என் பழக்கம். உங்கள் விரிவுரை மண்டபத்தின் மின்விசிறியில் இடியப்ப அக்காவின் காசும் சுற்றுகிறது.

இனி, அந்த அறை எது என்று தெளிவாகச் சொல்கிறேன். 1978 ஆம் ஆண்டின் 16 ஆம் இலக்கப் பல்கலைக்கழகங்கள் சட்டத்தை எடுத்துப் பாருங்கள். ஒவ்வொரு பல்கலைக்கழகத்துக்கும் ஒரு பேரவை. துணைவேந்தர், பீடாதிபதிகள், படிப்பு விஷயங்களைப் பார்க்கும் மூதவையின் பிரதிநிதிகள் உள்ளிருந்து வருகிறார்கள். வெளியிலிருந்து ஆணைக்குழு நியமிக்கிற உறுப்பினர்கள் உள்ளிருப்பவர்களைவிட ஒருவர் கூடுதலாக இருக்க வேண்டும் என்கிறது சட்டம். அதாவது பெரும்பான்மை வெளியாருக்கு. அதை எழுதியவர்கள், பல்கலைக்கழகம் தனக்குள்ளேயே பேசிக்கொண்டிருக்கக் கூடாது என்று நினைத்திருக்கிறார்கள். நல்ல எண்ணம்.

அந்த வெளியார் யார்? கல்வி, தொழில்வாண்மை, வர்த்தகம், கைத்தொழில், விஞ்ஞானம், நிர்வாகம் ஆகிய துறைகளில் சிறந்த சேவை செய்தவர்கள். இந்த வரியை எங்கள் கூட்டத்தில் வாசித்தபோது, துறைமுகத்தில் வேலை செய்து ஓய்வுபெற்ற ஒரு ஐயா, “வர்த்தகம் இருக்கு, கைத்தொழில் இருக்கு. அதில் வேலை செய்கிறவன் எங்கே?” என்று கேட்டார். மீனவர் இல்லை, தோட்டத் தொழிலாளி இல்லை, தைக்கிற பிள்ளைகள் இல்லை, நகரத்தில் கூலிக்கு வாழ்கிறவர்கள் இல்லை.

ஆனால் நான் அந்த வரியை இன்னொரு தடவை வாசித்தேன். சட்டம் யாரையும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ‘நிர்வாகத் துறையில் சிறந்த சேவை’ என்பதற்குப் பெரிய உத்தியோகம் பார்த்திருக்க வேண்டும் என்று எங்கே எழுதியிருக்கிறது? 200 குடும்பம் இருக்கும் ஒரு தோட்டத்தில் இருபது வருடம் தண்ணீர்க் குழாய்க்கும் மலசலகூடத்துக்கும் வடிகாலுக்கும் மாநகர சபையோடு மல்லுக்கட்டி, சீட்டுக் கணக்கை ஒரு சதம் பிசகாமல் வைத்திருந்த ஒரு பெண் செய்தது நிர்வாகம் இல்லையா? சட்டத்தைத் திருத்தக் காத்திருக்க வேண்டியதில்லை. அடுத்த தடவை பேரவை உறுப்பினர்களை நியமிக்கும்போது, ஆணைக்குழு அந்த வரியை எங்களையும் சேர்த்து வாசித்தால் போதும். ஒவ்வொரு பேரவையிலும் குறைந்தது இருவர். ஒருவர் என்றால் தனியாக உட்கார்ந்து தலையாட்டிவிட்டு வருவார், அதை நாங்கள் வேறு குழுக்களில் பார்த்துவிட்டோம்.

“அவர்களுக்கு என்ன விளங்கும்?” என்று சிலர் கேட்பீர்கள். கொழும்பே இதற்குப் பதில் சொல்லியிருக்கிறது. 1980களில் பத்து லட்சம் வீட்டுத் திட்டம் நடந்தபோது, இந்த நகரத்தின் தோட்டங்களில் சமூக அபிவிருத்தி மன்றங்கள் இருந்தன. வீட்டை எங்கே கட்டுவது, பாதை எவ்வளவு அகலம் என்று அந்த மக்களே நிலத்தில் நின்று, கயிறு பிடித்து அளந்து தீர்மானித்தார்கள். கிணறும் வடிகாலும் கட்டுகிற ஒப்பந்தத்தைக்கூட அந்த மன்றங்களே எடுத்துச் செய்தன. வெளிநாடுகளில் இருந்து வந்து படித்துவிட்டுப் போனார்கள். வகுப்பறைகளில் இன்றும் அதைப் பாடமாகச் சொல்லிக் கொடுக்கிறீர்கள் என்று கேள்விப்படுகிறேன். அதைச் செய்தவர்களில் பலர் இன்னும் உயிரோடு, உங்கள் வளாகத்திலிருந்து ஒரு பஸ் தூரத்தில் இருக்கிறார்கள். கின்சி வீதி மருத்துவ பீடத்திலிருந்து பொரளைச் சந்தியைத் தாண்டினால் வனாத்தமுல்லை. நடந்தே போகலாம்.

மீதொட்டமுல்லையைப் பற்றி எழுதாமல் இந்த மடலை முடிக்க முடியாது.

2017 ஏப்ரல் 14, சித்திரைப் புத்தாண்டு நாள். அங்கே கொழும்பின் குப்பையைக் கொட்டிய மேடு சரிந்து வீடுகளை மூடியது. 32 பேர் இறந்தார்கள். எங்கள் பக்கத்து ஆட்களுக்கு அந்த மேட்டோடு ஒரு உறவு உண்டு. அதற்கு முன் கொழும்பின் குப்பை எங்கள் புளூமெண்டாலில்தான் குவிந்தது. அந்த நாற்றத்தில் சோறு தின்று, மழை பெய்தால் அந்தக் கறுப்புத் தண்ணீரில் பள்ளிக்கூடம் போய் வளர்ந்தவர்கள் நாங்கள். புளூமெண்டாலில் நிறுத்தியதும் மீதொட்டமுல்லை பெருத்தது. மீதொட்டமுல்லை சரிந்ததும் கெரவலப்பிட்டி, பிறகு புத்தளத்தில் அருவக்காடு. அங்கேயும் மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். ஒவ்வொரு தடவையும் கேட்கப்பட்ட கேள்வி ‘எங்கே கொட்டுவது’ என்பதுதான். கொட்டப்படுகிற இடத்தில் வாழ்கிறவர்களை முதலிலேயே உட்கார வைத்திருந்தால் கேள்வி வேறாக இருந்திருக்கும்.

மீதொட்டமுல்லை மக்கள் வருடக்கணக்காகப் போராடினார்கள். அந்த மேட்டின் அடியில் வாழ்ந்தவர்கள் அதை ஒவ்வொரு நாளும் பார்த்தவர்கள். அவர்களைச் சுற்றிப் பொறியியல் பீடம் இருந்தது, புவியியல் துறைகள் இருந்தன, மருத்துவ பீடங்கள் இருந்தன, சட்ட பீடம் இருந்தது. மண் எப்போது வழுக்கும் என்று கணக்கிடத் தெரிந்தவர்கள் பஸ்ஸில் போகக்கூடிய தூரத்தில் இருந்தார்கள். நான் கேட்பது இதுதான்: ‘எங்கள் தலைக்கு மேல் இருப்பதைக் கொஞ்சம் அளந்து சொல்லுங்கள்’ என்று அந்த மக்கள் போய்த் தட்டுவதற்கு ஒரு கதவு இருந்ததா? ஒரு மேசை, ஒரு ஆள், ஒரு தொலைபேசி இலக்கம்? எங்கள் கூட்டத்தில் இருந்த யாருக்கும் அப்படி ஒரு கதவு தெரியாது. இன்றைக்கும் தெரியாது. பணம் உள்ள கம்பனிக்கு உங்கள் ஆலோசனைச் சேவை இருக்கிறது. பணம் இல்லாத ஊருக்கு எது இருக்கிறது?

நெதர்லாந்தில் 1970களிலேயே பல்கலைக்கழகங்கள் இப்படி ஒரு கதவைத் திறந்துவிட்டன. அறிவியல் கடை என்று பெயர். காசு கொடுக்க வசதியில்லாத ஒரு சங்கமோ அயலவர் குழுவோ தங்கள் கேள்வியைக் கொண்டுபோகலாம். கேள்வி வியாபார லாபத்துக்காக இருக்கக் கூடாது, விடையை வைத்து ஏதாவது செய்கிற நிலையில் அவர்கள் இருக்க வேண்டும். அவ்வளவுதான் நிபந்தனை. மாணவர்கள் தங்கள் படிப்பின் பகுதியாகவே அந்தக் கேள்வியை எடுத்து ஆராய்வார்கள், ஆசிரியர் மேற்பார்ப்பார். பக்கத்தில் கேரளத்தில், 1962 இல் தொடங்கிய சாஸ்திர சாகித்ய பரிஷத் மலையாளத்தில் விஞ்ஞானம் எழுதுவதில் தொடங்கி, ஊர் மக்களோடு சேர்ந்து ஊரின் மண்ணையும் நீரையும் வரைபடமாக்குகிற அளவுக்குப் போனது. நாம் பார்த்துப் பழகத் தூரம் போக வேண்டியதில்லை. கொழும்பு நாலந்தாக் கல்லூரியின் ஆசிரியராக இருந்த ஏ.டி. ஆரியரத்ன 1958 இல் தன் மாணவர்களைக் கூட்டிக்கொண்டு, சாதியால் ஒதுக்கப்பட்டிருந்த கனத்தொலுவைக் கிராமத்துக்குப் போய் முகாமிட்டார். சர்வோதய இயக்கம் அங்கிருந்துதான் வந்தது. அது ஒரு பாடசாலை. உங்களிடம் பல்கலைக்கழகங்கள் இருக்கின்றன.

சரி, திரும்பி வந்த அந்த ஒரு குழுவுக்கு வருகிறேன்.

டெங்கு பரவிய நேரம். 2017 இல் நாட்டில் 186,000க்கும் மேற்பட்டவர்களுக்கு டெங்கு வந்ததும் நானூறுக்கு மேற்பட்டோர் இறந்ததும் உங்களுக்குத் தெரியும். அதன் பிறகு தொடர்மாடிக்காரர் என்றாலே வாளியிலும் பீப்பாயிலும் தண்ணீர் சேர்த்து நுளம்பு வளர்க்கிறவர்கள் என்று ஒரு பேச்சு. அந்த விரிவுரையாளர் நான்கு மாணவர்களோடு வந்தார். கையில் தாள் இல்லை. எங்கள் ஞாயிற்றுக்கிழமைக் கூட்டத்தில் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்தார். முறை வந்தபோது எழுந்து, “உங்களுக்கு எதைத் தெரிந்துகொள்ள வேண்டும்? அதையே நாங்கள் சேர்ந்து தேடுவோம்” என்றார். யாரும் பதில் சொல்லவில்லை. எங்களிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. பிறகு பின்னாலிருந்து ஒரு பெண், “பின்னேரம் ஆறு மணிக்கு மேல் மேல்மாடிக்கு ஏன் தண்ணி ஏறுவதில்லை?” என்றார். அதோடு கூட்டமே சத்தமாகிவிட்டது.

மூன்று மாதம் பார்த்தார்கள். என் கணித வகுப்புப் பிள்ளைகள் ஒவ்வொரு மாடியிலும் தண்ணீர் எப்போது வந்தது, எப்போது நின்றது என்று எழுதினார்கள். மாணவர்கள் பீப்பாய்களை எண்ணினார்கள், நுளம்புக் குடம்பிகளைப் பார்த்தார்கள். தண்ணீர் நிற்கிற மாடியில்தான் பீப்பாய் கூட இருந்தது. சோம்பலால் யாரும் தண்ணீர் சேர்க்கவில்லை, மறுநாள் காலை பிள்ளையைக் குளிப்பாட்டிப் பள்ளிக்கூடம் அனுப்பச் சேர்த்தார்கள். முடிவைப் பெரிய தாளில் தமிழிலும் சிங்களத்திலும் எழுதி, கீழ்த்தளத்தில் லிஃப்ட்டுக்குப் பக்கத்துச் சுவரில் ஒட்டினார்கள்.

இரண்டாம் நாள், புறக்கோட்டையில் முப்பது வருடம் மூட்டை தூக்கும் நாட்டாமை வேலை செய்த ஒரு ஐயா அந்தத் தாளின் முன்னால் நெடுநேரம் நின்றார். பிறகு விரிவுரையாளரைக் கூப்பிட்டார். “ஏழாம் மாடியில் 12 என்று போட்டிருக்கிறீர்கள் மிஸ். வீடு 12, சரி. அடுப்பு 15.”

மூன்று வீட்டில் கல்யாணமான பிள்ளைகள் தனியே சமைத்துக்கொண்டு இருந்தார்கள். வீட்டுக் கணக்கில் அது வராது. ஏழாம் மாடிக்கு மட்டும் தண்ணீர் ஏன் எல்லோருக்கும் முன்பே தீர்கிறது என்று மாணவர்கள் இரண்டு வாரமாகத் தலையைப் பிய்த்துக்கொண்டிருந்தார்கள். விரிவுரையாளர் சிவப்புப் பேனை வாங்கி அந்த இடத்திலேயே திருத்தினார். பக்கத்தில் அந்த ஐயாவைத் தன் பெயரை எழுதச் சொன்னார். அவர் எழுதினார், கையெழுத்து கொஞ்சம் நடுங்கியது. அன்றிலிருந்து அந்தத் தாளை எல்லோரும் ‘எங்கட தாள்’ என்றுதான் சொன்னார்கள். அதை எடுத்துக்கொண்டு உரிய அலுவலகத்துக்கு நான்கு தடவை போனோம். மோட்டர் போடுகிற நேரத்தை மாற்றினார்கள். எல்லாம் தீர்ந்துவிடவில்லை. ஆனால் இரவில் தண்ணீர் இப்போது எட்டாம் மாடி வரை ஏறுகிறது.

போகும்போது அந்த விரிவுரையாளர் என்னிடம் ஒன்று சொன்னார். இந்த மூன்று மாத வேலை அவருடைய பதவி உயர்வுக்கு அவ்வளவாக உதவாது. ஆங்கிலச் சஞ்சிகையில் ஒரு கட்டுரை வந்தால் அது கணக்கில் வரும், சுவரில் ஒட்டிய தாளுக்கு என்ன புள்ளி? முறைப்பாடாகச் சொல்லவில்லை, சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்குத்தான் நெஞ்சு கனத்தது.

இது உங்கள் கையில் இருக்கிற விஷயம். பல்கலைக்கழகங்களை மதிப்பிட ஆணைக்குழு 2015 இல் வெளியிட்ட கைந்நூலில் பத்து அளவுகோல்கள் உண்டு. அதில் ஒன்று சமூக ஈடுபாடு, ஆலோசனைச் சேவை, வெளிக்களச் செயற்பாடு. மூன்றும் ஒரே தலைப்பில். சமூகம் என்று ஒரு வார்த்தை அங்கே இருப்பதே பெரிய விஷயம்தான். ஆனால் மதிப்பீட்டுக் குழு வந்தால் பார்ப்பது கோப்பைத்தானே. நடந்த நிகழ்ச்சி, எடுத்த படம், கையெழுத்துப் பட்டியல். அந்தக் குழு ஒரு பின்னேரம் எங்களைப் போன்ற ஒரு இடத்துக்கு வந்து, ‘இவர்கள் வந்தார்களா, திரும்பி வந்தார்களா, என்ன மாறியது’ என்று கேட்கட்டும். பதவி உயர்வுப் புள்ளித் திட்டத்திலும், மக்களோடு சேர்ந்து செய்து மக்களிடமே திருப்பிக் கொடுத்த ஆய்வுக்கு ஒரு சஞ்சிகைக் கட்டுரைக்கு உள்ள மதிப்பையாவது கொடுங்கள்.

மொழியைப் பற்றியும் சொல்ல வேண்டும். எங்களைப் பற்றி எழுதப்பட்ட ஆய்வேடுகள் பெரும்பாலும் ஆங்கிலத்தில் நூலகத்தில் இருக்கின்றன. எங்கள் வீட்டுக் கதை எங்களுக்கு வாசிக்க முடியாத மொழியில் இருக்கிறது. எழுத்தாளர் நந்தி என்று நாம் அறிந்த பேராசிரியர் சிவஞானசுந்தரம் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் சமுதாய மருத்துவம் படிப்பித்தவர். சாதாரண வாசகருக்குத் தமிழில் எழுதியதால் அவருடைய பேராசிரியர் பதவி ஒன்றும் குறைந்துவிடவில்லை. ஒரு தோட்டத்திலோ கிராமத்திலோ தகவல் திரட்டிய எந்த ஆய்வுக்கும், பட்டம் கொடுக்கும் முன், அந்த மக்களின் மொழியில் இரண்டு பக்கச் சுருக்கம் அந்த இடத்துக்குப் போயிருக்க வேண்டும் என்று மூதவைகள் ஒரு விதி போடலாம். கொழும்பில் என்றால் தமிழிலும் சிங்களத்திலும். இரண்டு பக்கம் எழுதுவது ஒரு மாணவருக்குப் பெரிய சுமை இல்லை. அதைக் கொண்டுவந்து தருகிற அன்று எங்களில் ஒருவர் ‘அடுப்பு 15’ என்று சொல்லக்கூடும்.

இன்னொன்று, சற்று விலகிப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். பல்கலைக்கழக அனுமதியில் 40 வீதம் அகில இலங்கைத் திறமை, 55 வீதம் மாவட்டம், 5 வீதம் பின்தங்கிய 16 மாவட்டங்களுக்கு என்று வைத்திருக்கிறீர்கள். பின்தங்கிய மாவட்டத்துப் பிள்ளைகளுக்கு அது வேண்டும், அதில் கை வைக்கச் சொல்லவில்லை. ஆனால் கொழும்பு மாவட்டம் என்ற ஒரு பெயருக்குள் எங்கள் பிள்ளையும் கறுவாத்தோட்டத்துப் பிள்ளையும் ஒரே வெட்டுப்புள்ளிக்கு ஓடுகிறார்கள். ஒருவருக்கு நான்கு ரியூஷன், தனி அறை. மற்றவர் ஒரே அறையில் ஆறு பேரோடு, தம்பி தூங்கிய பிறகு விளக்கைத் தாழ்த்திப் படிக்கிறார். எங்கள் தொடர்மாடியிலிருந்து பல்கலைக்கழகம் போனவர்களைச் சொல்ல எனக்கு ஒரு கை விரல் போதும். பேரவையில் எங்கள் ஆள் இருந்தால் இந்தக் கேள்வி எப்போதோ மேசைக்கு வந்திருக்கும்.

2012 நினைவிருக்கிறதா? பல்கலைக்கழக ஆசிரியர்கள் மூன்று மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். மொத்த உள்நாட்டு உற்பத்தியில் 6 வீதத்தைக் கல்விக்கு ஒதுக்கு என்ற கோரிக்கையோடு வீதிகளில் நின்று பொதுமக்களிடம் கையெழுத்துக் கேட்டார்கள். நான் கையெழுத்துப் போட்டேன். என் அம்மா தமிழில் தன் பெயரை மெதுவாக எழுதினார். ‘இது எங்கள் பிள்ளைகளின் கல்வி’ என்று எங்களிடம் சொன்னீர்கள், நாங்கள் நம்பினோம், இப்போதும் நம்புகிறோம். 2022 இல் காலிமுகத்திடல் போராட்டத்துக்கு உங்கள் மாணவர்கள் வந்தபோது கொழும்பு வடக்கிலிருந்து எத்தனை பேர் அங்கே போனார்கள் என்று எனக்குத் தெரியும், நானும் போனேன். எங்கள் பெயரும் எங்கள் ஆட்களும் தேவைப்பட்ட இரண்டு நேரத்திலும் நாங்கள் வந்தோம்.

ஆகவே கேட்கிறோம். அடுத்த நியமனத்தில் ஒவ்வொரு பேரவையிலும் எங்களைப் போன்ற இடங்களிலிருந்து இருவர், அதில் ஒருவராவது பெண். அந்த இருவரையும் யாரோ பெரிய மனிதர் சுட்டிக்காட்டாமல், தோட்டங்களும் தொடர்மாடிகளும் தொழிற்சங்கங்களும் பெயர் கொடுக்கட்டும். கூட்டம் நடக்கிற நாளில் அவர்களுடைய நாள்கூலி போகாதபடி ஒரு ஏற்பாடு. கூட்டப் பத்திரங்கள் தமிழிலும் சிங்களத்திலும். பிறகு, ஒவ்வொரு பல்கலைக்கழகத்தின் நுழைவாயிலுக்குப் பக்கத்திலும், காவலாளியிடம் அடையாள அட்டையைக் கொடுத்துவிட்டு நிற்காமல் நேரே போகக்கூடிய ஒரு அறை. மக்கள் கேள்வி கொண்டுவருகிற அறை. அதில் மாலையிலும் ஞாயிறிலும் யாராவது இருக்க வேண்டும், மற்ற நேரத்தில் நாங்கள் வேலையில் இருப்போம்.

எங்கள் கூட்டம் ஒவ்வொரு மாதமும் கடைசி ஞாயிறு பின்னேரம் 4 மணிக்குக் கீழ்த்தள மண்டபத்தில் நடக்கிறது. தமிழிலும் சிங்களத்திலும் கதைப்போம், விளங்காததை ஒருவருக்கொருவர் மொழிபெயர்த்துச் சொல்வோம். ஆணைக்குழுவிலிருந்து ஒருவர், ஒவ்வொரு பேரவையிலிருந்தும் ஒருவர் வாருங்கள். அந்தப் பழைய தாள் சிவப்புத் திருத்தத்தோடு இன்னும் சுவரில் இருக்கிறது. இடியப்ப அக்காவும் இருப்பார். வினாக்கொத்தின் ஓரத்தில் அந்தப் பிள்ளை எழுதிக்கொண்டதை அவரிடமே கேட்டு, இந்தத் தடவை தாளின் நடுவில் எழுதிக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
குடியிருப்பாளர் கூட்டத்தின் சார்பில்,
தொடர்மாடிக் குடியிருப்பாளர் ஒருவர்,
கொழும்பு 15.